அலமாரியில் பூட்டி வைத்த விளையாட்டுப் பெட்டி

பொன்னமராவதி
ஆடி மாதம், ஞாயிற்றுக்கிழமை

என் மகன் ரகுநாத்துக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அம்மாவும் சுகம்தான், அவளுக்கு முழங்கால், எனக்கு நீ, மற்றபடி குறை ஒன்றும் இல்லை. நீ அங்கே உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று உன் அம்மா வெள்ளிக்கிழமை தோறும் விளக்குப் போடுகிறாள். சார்ஜாவில் இந்த வருஷம் வெயில் கடுமை என்று டிவியில் சொன்னார்கள், தலையில் துணி கட்டாமல் வெளியே போகாதே. போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் நான் ஒரு வார்த்தை ஆரம்பித்தால் சரிப்பா, பாக்கிறேன்ப்பா, டூட்டிக்கு நேரமாச்சுப்பா என்று வைத்துவிடுகிறாய். காகிதத்தில் அந்த வேலை நடக்காது, நீ மடித்து வைத்தாலும் எழுதினது எழுதினபடியே உள்ளே இருக்கும். உன்னோடு வேலை பார்க்கும் மீமிசல் ஆவுடையப்பன் மூன்று மாச லீவு முடிந்து அடுத்த வாரம் திரும்புகிறான், அவன் கையில் கொடுத்தனுப்புகிறேன். நாரத்தங்காய் ஊறுகாயும் வருகிறது. கடிதத்தைப் படித்துவிட்டு ஊறுகாயைத் திற.

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். உன் அக்கா புவனா மகன் கவியரசனுக்குக் காதுகுத்துச் சீர் என்று நீ ஆவுடையப்பனிடம் கொடுத்தனுப்பிய விளையாட்டுப் பெட்டி வந்து சேர்ந்தது. அதை நான் அவனிடம் கொடுக்கவில்லை. கொடுக்கவும் மாட்டேன். இரும்பு அலமாரியில், உன் அம்மாவின் பட்டுப்புடவைக்குக் கீழே வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் வைத்திருக்கிறேன். ஆவுடையப்பன் அதைக் கொண்டுவந்த அன்று கவியரசன் பள்ளிக்கூட லீவுக்கு இங்கேதான் இருந்தான். என்ன தாத்தா அது என்று கேட்டான், உன் மாமா கம்பளி அனுப்பியிருக்கிறான் என்று சொன்னேன். சித்திரை வெயிலில் கம்பளியா என்று சிரித்தான். சிரித்துவிட்டுப் போகட்டும். சீர் என்றால் தாய்மாமன் தட்டெடுத்து, மேளம் முன்னே போக, நடந்து வந்து வைப்பது. பஸ் மாறி பஸ் மாறி ஒருத்தன் கொண்டுவந்து வாசலில் இறக்கிவிட்டுப் போவதற்குப் பெயர் பார்சல். நீ பெட்டியை அனுப்பினாய் என்றால் நீ வரப்போவதில்லை என்றுதானே அர்த்தம், அது எனக்குப் புரியாது என்று நினைத்தாயா?

நடந்ததை எல்லாம் நீ மறந்திருப்பாய், நான் மறக்கவில்லை. பிள்ளைக்கு ஐந்து வயதில் மொட்டை போட்டுக் காது குத்தியிருக்க வேண்டும். அப்போதுதான் நீ விசா வந்து கிளம்பினாய், அடுத்த லீவில் பார்க்கலாம் என்றாய். அடுத்த லீவு வரும்போது கொரோனா. அதற்கப்புறம் கம்பெனி லீவு கொடுக்கவில்லை. அதற்கப்புறம் லீவு கிடைத்தது, நீ பத்து நாளில் திரும்பிவிட்டாய், முகூர்த்தம் இல்லை. இப்போது அவனுக்குப் பன்னிரண்டு வயது, என் தோளுக்கு வந்துவிட்டான், காது மட்டும் இன்னும் கைக்குழந்தைக் காது. போன வருஷம் புவனா புதுவீடு குடிபோன அன்று பந்தியில் வைத்து மாப்பிள்ளை சொன்னார், மச்சான் வர்ற வரைக்கும் காத்திருந்தா இவனுக்கு மீசை முளைச்சிரும், மடிதானே வேணும், புவனாவுக்குப் பெரியப்பா மகன் இருக்காருல்ல, அவர் மடியில உட்கார வச்சு முடிச்சிருவோம் என்று. சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனாலும் எல்லார் முன்னாலும் சொன்னார். என் அண்ணன் மகன் எதிர் இலையில் உட்கார்ந்து பாயசம் குடித்துக்கொண்டிருந்தான், மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. அந்தப் பேச்சு உன் காதுக்கு வந்ததும் அப்படியே செஞ்சுக்கச் சொல்லுங்க என்று போனில் கத்தினாய், அன்றிலிருந்து காரையூருக்கு, உன் அக்கா வீட்டுக்கு, நீ போன் போடுவதில்லை. மாப்பிள்ளை பேசியது தப்பு, அதை அன்றைக்கே கை கழுவுகிற இடத்தில் வைத்து அவர் முகத்துக்கு நேரே சொன்னேன். நீ கோபித்துக்கொண்டு பெட்டியை அனுப்பிவிட்டு ஒதுங்குவது அதைவிடத் தப்பு. இதை உன்னிடம்தானே சொல்ல வேண்டும், சொல்லிவிட்டேன்.

இப்போது ஆவணி கடைசி ஞாயிற்றுக்கிழமை என்று நாள் குறித்துவிட்டார்கள். நீ வந்தால் உன் மடி, வராவிட்டால் என் அண்ணன் மகன் மடி என்று மாப்பிள்ளை முடிவாகச் சொல்லிவிட்டார், பத்திரிகை அடிக்கப் பெயர் கேட்கிறார். நான் இன்னும் பெயர் கொடுக்கவில்லை.

இதற்கு நடுவில்தான் இந்த விளையாட்டு யந்திரக் குழப்பம், இதைச் சொல்லத்தான் காகிதம் எடுத்தேன். மொட்டை போடுவதற்கு உன் மருமகன் லேசில் சம்மதிக்கவில்லை. நெற்றி தெரியாமல் முடி வளர்த்து வைத்திருக்கிறான், ஏழாம் வகுப்பில் எல்லாரும் கேலி பண்ணுவார்கள் என்று அழுதான். கடைசியில் அவனே ஒரு நிபந்தனை வைத்தான், மொட்டையும் போட்டுக்கிறேன், காதும் குத்திக்கிறேன், மாமா சீரில் கேம் ஆடுற மெஷின் வரணும் என்று. என்ன மெஷின் என்றதற்கு கன்சோல் என்றான். அதைத்தான் புவனா என்னிடம் சொல்லி, நான் உன்னிடம் சொல்லி, நீ வாங்கி அனுப்பினாய். பெட்டி அலமாரிக்குள் போன மறுநாளே பையன் பேச்சை மாற்றினான். கன்சோல் வேண்டாம், கம்ப்யூட்டர்தான் வேண்டும் என்றான். சரி, குழந்தைப் பேச்சு என்று விட்டேன். இரண்டு வாரம் கழித்து மறுபடி கன்சோல். ஆனி பிறந்ததும் மறுபடி கம்ப்யூட்டர் என்றால் பரவாயில்லையா தாத்தா என்று கேட்கிறான். மொட்டையைத் தள்ளிப்போட இப்படி ஆட்டம் காட்டுகிறான் என்று எனக்குக் கோபம் வந்தது, கண்டபடி திட்டினேன். திட்டினாலும், இரண்டுக்கும் வித்தியாசம் என்னவென்று தெரியாமல் திட்டுகிறோமே என்று உள்ளுக்குள் இருந்தது. யாரிடமும் படிக்காமல் பழைய மோட்டார்களைப் பிரித்துப் பார்த்தே செம்புக்கம்பி சுற்றிக் காயில் கட்டப் பழகியவன் நான். நாற்பது வருஷமாக இந்தச் சுற்றுவட்டாரக் கிணற்று மோட்டார்கள் நான் கட்டிய காயிலில்தான் ஓடுகின்றன. எனக்கா ஒரு விளையாட்டுச் சாமான் விளங்காமல் போய்விடும் என்று கிளம்பினேன்.

விளங்கவில்லை. பொன்னமராவதி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் சந்தோஷ் என்று ஒரு பையன் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிறான், அவனிடம் கேட்டேன். ஐயா, கன்சோலை வாங்கினா கம்பெனிக்காரன் கொடுத்ததுதான், ஒரு ஆணியைக் கூட மாத்த முடியாது, கம்ப்யூட்டர்னா இன்னைக்கு இதைப் போடலாம், ரெண்டு வருஷம் கழிச்சு அதைக் கழட்டிட்டு வேறொண்ணு போடலாம், படிப்புக்கும் ஆச்சு என்றான். இது எனக்குச் சரியாகப் பட்டது, பிரிக்க முடியாத யந்திரத்தை நான் வீட்டுக்குள் விட்டதில்லை. பிறகு, பையன் என்ன கேம் ஆடுவான் ஐயா என்று கேட்டான். கிணறு எத்தனை ஆழம் என்று கேட்டுத்தானே நானும் மோட்டார் சொல்வேன், கேள்வி நியாயமான கேள்வி, பையனைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். ஒரு பெட்டியின் பக்கத்தைக் கழற்றிக் காட்டினான். கண்ணாடி போட்டு, உள்ளே கல்யாண வீட்டு சீரியல் செட் மாதிரி பச்சையும் நீலமுமாக எரிகிறது. எண்ணிப் பார்த்தால் காற்றாடியே அரை டஜன் இருக்கும். படம் காட்டுவதற்கென்று தனியாக ஒரு கார்டு, அந்தக் கார்டுக்குத் தனிக் காற்றாடி. இத்தனை காற்றாடி எதற்கு என்றால் சூடாகுமாம். நின்ற இடத்தில் நிற்கிறது, தண்ணீர் இறைக்கவில்லை, மாவு அரைக்கவில்லை, எதற்குச் சூடாகிறது என்று கேட்டேன். சந்தோஷ் என்னமோ சொன்னான், எனக்கு ஒப்பவில்லை. காரையூர் வீட்டில் பல்லி அதிகம், இந்த ஓட்டைகள் வழியாகப் பல்லி உள்ளே போனால் என்ன ஆகும் என்றும் கேட்டேன். போன மாசம் ஒருத்தருக்குப் போயிருச்சுங்க ஐயா என்றான். அதையும் சொல்லித்தான் விற்கிறான், நல்ல பையன்.

நம் தெருவில் சத்யா இருக்கிறாள் அல்லவா, சென்னைக் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறவள், அவளிடம் போனேன். அவள் தலைகீழாகச் சொன்னாள். தாத்தா, சந்தோஷ் அவன் கடையில இருக்கறதைத்தானே சொல்வான், கன்சோல்னா டிவியில ஒயரை மாட்டுனா ஆட வேண்டியதுதான், கம்ப்யூட்டர் வாங்கினீங்க, வாராவாரம் அதைத் தூக்கிக்கிட்டு நீங்கதான் பஸ் ஏறணும் என்றாள். அப்போ கன்சோல் நல்லதா என்றேன். அதுக்கு வாங்குற ஆட்டமெல்லாம் விலை சாஸ்தி தாத்தா, வெளியூர்ல இருக்கறவங்களோட சேர்ந்து ஆடணும்னா பெரும்பாலும் மாசாமாசம் சந்தா வேற கட்டணும், கம்ப்யூட்டர்ல அது இல்லை என்றாள். அப்போ கம்ப்யூட்டர் நல்லதா என்றேன். அது நீங்க எதுக்கு வாங்குறீங்கங்கறதைப் பொறுத்தது என்றாள். எதற்கு வாங்குகிறேன், காது குத்த வாங்குகிறேன், வேறு எதற்கு? அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். படித்த பிள்ளைகளிடம் ஒன்று கேட்டால் இரண்டு பக்கமும் சொல்லி நம்மையே நடுவில் நிறுத்திவிடுகிறார்கள்.

உன் அம்மா யோசனை வேறு மாதிரி. கன்சோல் என்றால் ஒரே பெட்டி, ஒரு தாம்பாளத்தில் அடங்கிவிடும், கம்ப்யூட்டர் என்றால் டிவி மாதிரி ஒன்று, பெட்டி ஒன்று, தட்டுகிற பலகை ஒன்று என்று மூன்று தாம்பாளம் நிறையும், சீர் வரிசையில் இரண்டு தட்டு கூடுதலாகப் போனால் சம்பந்தி வீட்டார் வாயடைத்துப் போவார்கள் என்கிறாள். அது நியாயம்தான் என்று எனக்கும் ஒரு நாள் முழுக்கத் தோன்றியது. புவனாவுக்கோ, கன்சோல் வந்தால் ஹாலில் இருக்கிற டிவி போய்விடும், அவள் சீரியலும் போய்விடும், மாப்பிள்ளையின் செய்தியும் போய்விடும். மாப்பிள்ளையைக் கேட்டேன், இரண்டும் வேண்டாம் மாமா, ஒரு டேப் வாங்கிக் கொடுத்தா பாடமாவது படிப்பான் என்றார். அவரை ஏன் கேட்டேன் என்று ஆகிவிட்டது.

எதுவாக இருந்தாலும் கரண்டு சரியாக இருக்க வேண்டும் அல்லவா, காரையூர் வீட்டில் சாயங்காலமானால் டியூப்லைட் கண் சிமிட்டுகிறது. அதனால் போன வாரம் கடப்பாரையோடு போய், கொல்லையில் குழி வெட்டி, உப்பும் கரியும் போட்டுப் புதிதாக எர்த் இறக்கி, ஹால் மூலைக்குத் தனி லைன் இழுத்துவிட்டு வந்தேன். மெஷினே முடிவாகலை, அதுக்குள்ள எதுக்கு மாமா என்று மாப்பிள்ளை கேட்டார். முடிவாகிற அன்றைக்குக் குழி வெட்ட முடியாது மாப்பிள்ளை என்று சொன்னேன். என் கையிலிருந்து கடப்பாரையை வாங்கி மிச்சக் குழியை அவரே வெட்டினார். உன் மேல் அவருக்குப் பகை இல்லை, வாய்தான். இதை நீ நம்பினாலும் சரி, நம்பாவிட்டாலும் சரி, நான் பார்த்ததை எழுதுகிறேன்.

அன்றைக்கு எர்த் வேலை முடிந்ததும் கவியரசனைக் கூப்பிட்டு எதிரில் நிறுத்தினேன். இதுவா அதுவா, இப்போது ஒன்று சொல், சொன்னபின் மாற்றினால் மொட்டையோடு புருவத்தையும் எடுத்துவிடுவேன் என்றேன். அவன் சுவரில் நான் அடித்த ஒயர் கிளிப்பையே நோண்டிக்கொண்டு நின்றான். பிறகு கேட்டான், மாமாகிட்ட எது இருக்கு தாத்தா என்று. மாமாவிடம் எது இருந்தால் உனக்கென்ன என்றேன். அப்புறம்தான் ஒவ்வொன்றாகச் சொன்னான். முன்பு நீயும் அவனும் உன் லீவு நாளில் போனிலேயே சேர்ந்து ஏதோ சண்டை ஆட்டம் ஆடுவீர்களாமே, நீ அங்கிருந்து, அவன் இங்கிருந்து. புதுவீட்டுச் சண்டைக்கு அப்புறம் நீ அந்தப் பக்கமே வருவதில்லையாம். அவன் போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பானாம், உன் பெயர் பச்சையாக எரியவே இல்லை என்றான். சரி, பெரிய மெஷின் வாங்கினால் மாமா வருவார் என்று நினைத்திருக்கிறான். ஆனால் அவன் ஆசைப்படுகிற ஆட்டத்தில் கன்சோல் வைத்திருப்பவன் கன்சோல்காரனோடுதான் ஆட முடியுமாம், கம்ப்யூட்டர்காரன் கம்ப்யூட்டர்காரனோடுதானாம். அதனால் உன்னிடம் இருப்பது எதுவோ அதைத்தான் வாங்க வேண்டும், மாற்றி வாங்கிவிட்டால் போச்சு. ஆவுடையப்பன் வந்த அன்று, உங்க மாமா எந்நேரமும் கம்ப்யூட்டர் முன்னாடிதான்டா உட்கார்ந்திருக்கான் என்று அவனிடம் சொல்லியிருக்கிறான். அதுதான் மறுநாள் கம்ப்யூட்டர். அது கம்பெனி ஸ்டோரில் கணக்குப் பார்க்கிற கம்ப்யூட்டர் என்று இந்தப் பையனுக்கு எப்படித் தெரியும்? பிறகு நீ வாட்ஸப்பில் ஒரு படம் போட்டாயாம், பெரிய டிவி, நாலு பேர் கையில் கேம் ஆடுகிற கைப்பிடி, நடுவில் நீ. அதுதான் மறுபடி கன்சோல். அது உன் சொந்த டிவிதானா என்று சந்தேகம் வந்ததும் மறுபடி கம்ப்யூட்டர். மாமாவையே கேட்க வேண்டியதுதானே என்றேன். மாமாவுக்குப் போன் போட்டு எதையும் கேட்கக்கூடாதுன்னு அம்மா சொல்லியிருக்காங்க என்றான். புவனா உன் அக்காதானே, ரோஷத்தில் உனக்குக் குறைந்தவளா?

எது இருக்கு தாத்தா என்று மறுபடியும் கேட்டான். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. உன் அறையில் எத்தனை கட்டில், கூட யார் யார், அந்த டிவி உன் அறை டிவியா ஊருக்கே பொதுவா, உனக்கென்று ஒரு மேஜை உண்டா, ராத்திரி வந்து என்ன செய்கிறாய், எதுவும் எனக்குத் தெரியாது. ஒரு மோட்டாரைத் தொடாமலே சத்தத்தை வைத்து பேரிங் போயிருக்கிறதா காயில் போயிருக்கிறதா என்று சொல்லிவிடுவேன். உன் குரலை வாராவாரம் கேட்கிறேன், ஒன்றும் சொல்ல முடியவில்லை. கேட்காதது என் தப்பு என்று எழுத மாட்டேன், நீ சொல்லியிருக்க வேண்டும். பையனிடம், உன் மாமாவிடம் இரண்டுமே இல்லை என்றால் என்ன செய்வாய் என்று கேட்டு வைத்தேன். இந்தக் கேள்விக்கு அவன் மலைத்துப் போய் நிற்பான் என்று நினைத்தேன். அவன் யோசிக்கவே இல்லை. அப்ப கன்சோல்தான் தாத்தா, அதுல ரெண்டு பேரு பக்கத்துல பக்கத்துல உட்கார்ந்து ஒரே டிவியில ஆடலாம், மாமா லீவுக்கு வருவாங்கல்ல என்றான்.

சந்தோஷும் சத்யாவும் சொன்னது எதுவும் எனக்கு இன்னும் தெளியவில்லை, அந்தக் காற்றாடிகளைப் பற்றி என் அபிப்பிராயமும் மாறவில்லை. ஆனால் உன் பெட்டி சரியா தப்பா என்பது உன் கையில் இருக்கிறது. நீ வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்தால் அலமாரியில் இருப்பது சரியான பெட்டி. நீ வராவிட்டால் நான் அதைத் திறக்கப் போவதில்லை, ஆவுடையப்பன் அடுத்த தடவை வரும்போது திருப்பி எடுத்துக்கொண்டு போகட்டும், அன்றைக்கு என் அண்ணன் மகன் மடியில் அவன் உட்காருவதைப் பார்க்க நானும் போக மாட்டேன், உன் அம்மா போனால் போகட்டும். லீவு கேள். கம்பெனியில் கொடுக்க மாட்டேன் என்றால் காரணம் இன்னது என்று எழுது, உன் மானேஜருக்கு நானே தமிழில் ஒரு கடிதம் எழுதுகிறேன், அங்கே மொழிபெயர்க்க ஆள் இல்லாமலா இருப்பான். உன்னிடம் எது இருக்கிறது என்பதையும் எழுது. ஒன்றும் இல்லை என்றால் ஒன்றும் இல்லை என்றே எழுது, அதில் குறைச்சல் இல்லை.

பத்திரிகையில் தாய்மாமன் என்ற இடத்தில் உன் பெயரைப் போடச் சொல்லி நாளைக் காலையில் காரையூருக்குச் சொல்லிவிடப் போகிறேன். அச்சான பிறகு என்னால் மாற்ற முடியாது. தோடு உன் அம்மா எடுத்து வைத்திருக்கிறாள், வேட்டி சட்டை இங்கே எடுத்துக்கொள்ளலாம், நீ வெறுங்கையோடு வந்தால் போதும். நேரத்துக்குச் சாப்பிடு, ராத்திரி கண் விழிக்காதே, உன் அக்காவுக்கு ஒரு போன் போடு, முதலில் அவள் எடுக்காவிட்டால் இரண்டாம் தடவையும் போடு. அய்யனார் உன்னைக் குறையில்லாமல் வைத்திருக்க வேண்டும், உன் ஆயுசும் உன் கை வேலையும் நிலைக்க வேண்டும். இன்னும் ஒன்று, பையன் நல்ல கனம் கனக்கிறான். முடி இறக்கி முடித்து, ஆசாரி இரண்டு காதும் குத்தும் வரை நீ சம்மணம் போட்டு அசையாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். இப்போதிருந்தே தரையில் உட்கார்ந்து பழகிக்கொண்டு வா.

இப்படிக்கு
உன் வரவை எதிர்பார்க்கும்
அப்பா
சேவுகன்